எண்ணுக்கும் முத்திரை பார்ப்போம்



எமது கடைத் தராசுக்கு வருடாவருடம் அளவீட்டு அலகுகள் திணைக்களத்தின் முத்திரை இருக்க வேண்டும். முத்திரையில்லாத தராசில் நிறுத்துக் கொடுத்தால் சட்டம் விடாது, எமது மனச்சாட்சியும் விடாது. ஆனால் பல இலட்சம் ரூபா முதலைப் போடும்போது நாம் நம்புகின்ற எண்களுக்கு முத்திரை இருக்கிறதா என்று எத்தனை பேர் பார்க்கிறோம்? யாரோ அனுப்பிய ஒரு படம், கைத்தொலைபேசியில் வந்த ஒரு வரைபு, "இந்த வியாபாரம் இரண்டு மடங்காகப் போகுது" என்ற ஒரு வரி. இவற்றை நம்பிச் சரக்கு எடுத்து விடுகிறோம்.

இதை நான் பிறருக்குச் சொல்லும் புத்தியாக எழுதவில்லை. என் கைக்காசு போன பின் படித்த பாடமாகவே எழுதுகிறேன்.

வவுனியாவில் நான் வீட்டு மின்சாரப் பொருட்கள் விற்பவன். 2017ஆம் ஆண்டின் வரட்சிக் காலம் உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது மருமகன் இணையத்தளம் ஒன்றிலிருந்து ஓர் ஆய்வறிக்கையின் முன்பக்கங்களை எடுத்துக் காட்டினார். இலங்கையில் எயார் கூலர் விற்பனை ஐந்து வருடங்களில் இரு மடங்காகும் என்று அதில் இருந்தது. வண்ண வரைபுகள், அழகான ஆங்கிலம், வெளிநாட்டு நிறுவனம். எனக்கும் ஆசை வந்து விட்டது. 80 கூலர்களை எடுத்தேன். பாதிப் பணம் என்னுடையது, மீதிப் பாதி மச்சான் நம்பித் தந்தது.

அந்தப் பருவத்தில் விற்றவை 19. வந்த வாடிக்கையாளர்கள் தொட்டுப் பார்த்தார்கள், காற்று வாங்கினார்கள். பின்னர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "நானா, இதுக்குக் கரண்ட் பில் எவ்வளவு வரும்? தண்ணி எத்தனை தரம் ஊத்த வேணும்?" கேட்டு விட்டு ஸ்டேண்ட் ஃபேன் ஒன்றை வாங்கிக் கொண்டு போனார்கள். மீதிக் கூலர்களைக் கொள்விலைக்கும் கீழே விற்று முடிக்க மூன்று வருடங்கள் சென்றன. மச்சான் ஒரு நாளும் கேட்கவில்லை. ஆனால் அவருடைய பணம் என்னிடம் இருந்த அமானிதம். அதைத் திருப்பிக் கொடுக்கும் வரை அவர் முகத்தை நேராகப் பார்க்க எனக்குக் கூச்சமாகவே இருந்தது.

பிறகு ஒரு நாள் ஆறுதலாக உட்கார்ந்து அந்த அறிக்கையைத் திரும்ப வாசித்தேன். யார் எண்ணினார்கள் என்று அதில் இல்லை. எத்தனை கடைகளில் கேட்டார்கள் என்று இல்லை. எந்த மாவட்டம் என்றும் இல்லை. "இரு மடங்கு" என்றால் எத்தனையிலிருந்து எத்தனைக்கு என்ற விபரம் பணம் கட்டினால்தான் கிடைக்கும். முத்திரையில்லாத தராசில் நானே போய் ஏறி நின்றிருக்கிறேன்.

ஐந்து கேள்விகள்

அன்றிலிருந்து எந்த எண் கண்ணில் பட்டாலும் ஐந்து கேள்விகளைக் கேட்கிறேன்.

1. யார் எண்ணியது? பெயரும் முகவரியும் உள்ள நிறுவனமா, அல்லது ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதா?

2. எப்போது எண்ணியது? அறிக்கை வெளிவந்த திகதி வேறு, கணக்கெடுத்த திகதி வேறு.

3. எங்கே எண்ணியது? கொழும்பா, முழு நாடா, எமது மாவட்டமா?

4. எப்படி எண்ணியது? எல்லோரையும் எண்ணினார்களா, சிலரைக் கேட்டுக் கணித்தார்களா? எதை எண்ணினார்கள், ஆட்களையா கணக்குகளையா?

5. ஏன் எண்ணியது? அந்த எண்ணை நான் நம்பினால் இலாபம் யாருக்கு?

ஐந்துக்கும் பதில் கிடைத்தால் அந்த எண்ணைப் பாவிக்கலாம். முதல் மூன்றுக்கே பதில் இல்லையென்றால் அதை விளம்பரம் என்று எண்ணி ஒதுக்கி விடுவது நல்லது.

இலவசமாகக் கிடைப்பவை

நல்ல தகவல் என்றால் டொலரில் பணம் கட்ட வேண்டும் என்று நானும் நினைத்திருந்தேன். அப்படியல்ல. எமக்குத் தேவையானவற்றில் பெரும் பகுதி இலவசமாகவே இணையத்தில் இருக்கிறது.

முதலாவது, தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் இணையத்தளம். சனத்தொகை, குடும்ப வருமானம், செலவு, விலைச் சுட்டெண் யாவும் அங்குண்டு. இரண்டாவது, மத்திய வங்கி. புறக்கோட்டை, தம்புள்ளை ஆகிய இடங்களின் மொத்த, சில்லறை விலைகளையும், நாரஹேன்பிட்டி சில்லறை விலையையும், மரந்தகஹமுல அரிசி விலையையும் அது அன்றாடம் வெளியிடுகிறது. மூன்றாவது, ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவகம். மரக்கறி, தானிய வியாபாரிகளுக்கு அதன் விலை அறிக்கைகள் மிகவும் பயன்படும். நான்காவது, வட மாகாண சபை வெளியிடும் புள்ளிவிபரத் தொகுப்பும், மாவட்டச் செயலகங்களின் புள்ளிவிபரக் கையேடுகளும்.

இவை அரசாங்கத்தின் எண்கள் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாமா? இல்லை. வாசிக்கத் தெரிய வேண்டும். மூன்று உதாரணங்கள் தருகிறேன்.

ஒன்று, சராசரி. 2019ஆம் ஆண்டின் வீட்டலகு வருமான செலவின ஆய்வின்படி இலங்கைக் குடும்பமொன்றின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபா. ஆனால் எல்லாக் குடும்பங்களையும் வருமானப்படி வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்கும் குடும்பத்தைக் கேட்டால் அதன் வருமானம் 53,333 ரூபா மட்டுமே. பணக்காரக் குடும்பங்கள் சில சேர்ந்தால் சராசரி மேலே ஏறி விடும். உங்கள் கடை வாசலில் ஏறுபவர் பெரும்பாலும் அந்த நடுக் குடும்பத்தவர்தான். 76,414 என்று நினைத்துச் சரக்கு எடுத்தவருக்கும் 53,333 என்று நினைத்து எடுத்தவருக்கும் வருட முடிவில் இருப்புக் கணக்கு வேறாக இருக்கும்.

இரண்டு, இடம். பத்திரிகைகளில் பணவீக்கம் என்று அடிக்கடி வருவது கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின் கணக்கு. அது கொழும்புக்குரியது. முழு நாட்டுக்கும் தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் என்று வேறொன்று இருக்கிறது. நெருக்கடி உச்சத்திலிருந்த 2022 செப்டெம்பரில் முதலாவது நூற்றுக்கு 69.8 என்றது, இரண்டாவது 73.7 என்றது. ஒரே மாதம், ஒரே நாடு, இரண்டு எண்கள். இரண்டும் சரிதான். எது எமக்குரியது என்பதை நாம்தான் தெரிந்தெடுக்க வேண்டும்.

மூன்று, அளவுகோல். முல்லைத்தீவு மாவட்டத்தில் வறுமையில் இருப்போர் 2016இல் நூற்றுக்கு 12.7 பேர் என்றும் 2019இல் 44.5 பேர் என்றும் அறிக்கைகள் சொல்கின்றன. மேலோட்டமாகப் பார்ப்பவர் மூன்று வருடத்தில் மாவட்டமே அழிந்து விட்டது என்று நினைப்பார். ஆனால் இடையில் வறுமைக் கோட்டை மாற்றி அமைத்திருக்கிறார்கள். 2016இல் ஒருவருக்கு மாதம் 4,166 ரூபாவாக இருந்த கோடு, 2019இல் 6,966 ரூபா. கோல் மாறினால் நீளமும் மாறும். இரண்டு வருடங்களின் எண்களை ஒப்பிடும்போது கோல் ஒன்றுதானா என்று பார்க்காமல் ஒப்பிடக் கூடாது.

இணைய நிறுவனங்களின் எண்கள்

இப்போது எமது இளைஞர்கள் அதிகம் காட்டுவது முகநூலின் கணக்கையும் கூகுளின் கணக்கையும்தான். "மாமா, வவுனியாவில இத்தனை ஆயிரம் பேருக்கு விளம்பரம் போகும்" என்பார்கள். அது பொய்யல்ல. ஆனால் அது கணக்குகளின் எண்ணிக்கையை வைத்துச் செய்த மதிப்பீடு. ஒருவரிடம் இரண்டு கணக்குகள் இருக்கலாம். கடைக்கொரு கணக்கு, வீட்டுக்கொரு கணக்கு என்று என்னிடமே இரண்டு இருக்கின்றன. அந்த இடத்தில் வசிப்போருடன் அண்மையில் வந்து போனவர்களும் அதில் சேர்கிறார்கள். வெளிநாட்டு உறவினர்கள் விடுமுறைக்கு வந்து நிறைகின்ற எமது பகுதிகளுக்கு இது சிறிய விடயமல்ல.

பெரிய நாடுகளிலும் இது நடந்திருக்கிறது. 2017இல் அமெரிக்காவில் 18 முதல் 24 வயது வரையானோரில் 4 கோடி 10 இலட்சம் பேரைத் தனது விளம்பரம் எட்டக்கூடும் என்று முகநூல் காட்டியது. அந்நாட்டின் குடிசன மதிப்பின்படி அந்த வயதினர் இருந்ததே ஏறத்தாழ 3 கோடி 10 இலட்சம் பேர். ஒரு பங்குச்சந்தை ஆய்வாளர் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் உலகம் கவனித்தது. அவர் செய்தது பெரிய வித்தையல்ல. ஓர் எண்ணை இன்னோர் எண்ணோடு நிறுத்துப் பார்த்தார், அவ்வளவுதான்.

கைத்தொலைபேசி இணைப்புகளின் கணக்கும் அப்படியே. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் கணக்கில் இணைப்புகள் நாட்டின் சனத்தொகையை விடக் கூடுதல். ஒருவர் இரண்டு சிம் வைத்திருக்கிறார் என்பதே அதன் பொருள்.

கூகுள் ட்ரென்ட்ஸ் நல்ல கருவி. எந்த மாதத்தில் எந்தப் பொருளை மக்கள் தேடுகிறார்கள் என்று அதில் பார்க்கலாம். ஆனால் அதில் வரும் 100 என்பது நூறு பேருமல்ல, நூறு வீதமுமல்ல. நாம் பார்க்கும் காலத்துக்குள் தேடல் உச்சத்தில் இருந்த நேரத்தை 100 என்று வைத்து மற்றவற்றை அதற்கு ஏற்பக் காட்டுகிறார்கள். ஆகவே விற்பனை எத்தனை என்பதற்கு அது உதவாது, விற்பனை எப்போது ஏறும் என்பதற்கு உதவும். இன்னொன்று, எமது மக்கள் ஒரே பொருளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும், ஆங்கில எழுத்தில் தமிழாகவும் தேடுகிறார்கள். மூன்றையும் பார்க்க வேண்டும். வன்னி போன்ற சனத்தொகை குறைந்த இடங்களுக்குத் தனியே பார்த்தால் தேடல் போதாமல் வரைபு வெறுமையாகவே வரும். வெறுமை என்பதால் தேவை இல்லை என்று முடிவெடுக்கவும் கூடாது.

டேட்டாரிபோர்ட்டல், ஸ்டாடிஸ்டா போன்ற இணையத்தளங்கள் பல இடத்து எண்களை ஒரே இடத்தில் சேர்த்துத் தருகின்றன. அவை மொத்த வியாபாரி மாதிரி, சரக்கு வேறிடத்தில் விளைந்தது. ஆகவே அடிக்குறிப்பைப் பார்த்து எங்கிருந்து எடுத்தார்கள் என்று கண்டுபிடித்து, முடிந்தால் விளைந்த இடத்திலேயே வாங்க வேண்டும்.

கச்சேரியின் கதவு

இணையத்தில் இல்லாதது இல்லவே இல்லை என்று முடிவெடுக்காதீர்கள். ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் கிராம சேவகர் பிரிவு வாரியாகக் குடும்பங்கள் பற்றிய பதிவுகள் இருக்கின்றன. மரியாதையாகப் போய்க் கேட்டால் பெரும்பாலும் உதவுவார்கள். தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2017 பெப்ரவரியிலிருந்து அது நடைமுறையில் உள்ளது. எந்தப் பிரஜையும் பொது நிறுவனமொன்றின் தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் அறிவிக்க வேண்டும். நாம் இந்தச் சட்டத்தைக் காணிப் பிரச்சினைக்கு மட்டும் உரியது என்று நினைத்து விட்டோம். வியாபாரத்துக்கும் அது பயன்படும்.

முல்லைத்தீவுக் கணக்கு

இனி, இவற்றையெல்லாம் சேர்த்து நான் போட்ட கணக்கொன்றைச் சொல்கிறேன்.

மகன் இரண்டாவது கடை போட வேண்டும் என்றார். வவுனியா நகரிலேயே ஒரு கடை வாடகைக்கு வந்தது. நகரம் பெருத்து வருகிறது, வாகனம் நிறுத்த இடமில்லை, சனம் கூடி விட்டது என்பது அவர் வாதம். எனக்கும் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது.

2025இல் வெளிவந்த 2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின் முதற்கட்ட அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். வவுனியா மாவட்டத்தில் 2012இல் இருந்தவர்கள் 172,115 பேர். 2024இல் 172,257 பேர். பன்னிரண்டு வருடங்களில் கூடியது 142 பேர்! வருட வளர்ச்சி 0.01 வீதம், இலங்கையின் மாவட்டங்களில் மிகவும் குறைவானது. அதே அறிக்கையில் முல்லைத்தீவு 92,238இலிருந்து 122,542ஆக ஏறியிருக்கிறது. வருட வளர்ச்சி 2.23 வீதம், மாவட்டங்களில் மிகவும் கூடியது. இரண்டு மாவட்டங்களுக்கும் எல்லை ஒன்றுதான்.

மகன் உடனே "அப்ப முல்லைத்தீவுக்கே போவம் வாப்பா" என்றார். எனக்குக் கூலர்கள் நினைவு வந்தன. "கொஞ்சம் பொறு மகன், ஐந்து கேள்வியையும் கேட்டு விட்டுப் போவோம்" என்றேன்.

எப்போது எண்ணியது என்ற கேள்வியிலேயே ஒரு விடயம் அகப்பட்டது. வன்னியில் 1981க்குப் பிறகு முழுமையான குடிசன மதிப்பு 2012இல்தான் நடந்தது. 2001இல் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எண்ணவே முடியவில்லை, வவுனியாவில் ஒரு பகுதியில்தான் எண்ணினார்கள். 2012 மார்ச்சில் எண்ணியபோதும் மெனிக் பாம் முகாமில் இன்னும் பல ஆயிரம் பேர் இருந்தார்கள். அந்த முகாம் இருந்தது வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளத்தில். அது அவ்வருடம் செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. 1990இல் வெளியேற்றப்பட்ட எமது மக்களிலும் பலர் அதன் பின்னரே சிறிது சிறிதாகத் திரும்பினார்கள். ஆகவே முல்லைத்தீவின் வளர்ச்சியில் ஒரு பங்கு ஊர் திரும்பியவர்களுடையது. திரும்பி வருவது ஒரு முறைதான் நடக்கும். இனி ஒவ்வொரு வருடமும் அதே வேகத்தில் சனம் கூடும் என்று கணக்குப் போட முடியாது. வவுனியாவின் 142 பேருக்குப் பின்னாலும் முகாமிலிருந்து ஊர் போனவர்களின் கணக்கு இருக்கிறது.

எங்கே என்ற கேள்வி அடுத்தது. முல்லைத்தீவில் ஆறு பிரதேச செயலகப் பிரிவுகள். மாவட்டம் வளர்ந்தது என்றால் நான் கடை போடும் சந்தி வளர்ந்தது என்றாகாது. ஆகவே பிரிவு வாரியான விபரத்தைத் தேடி எடுத்தோம்.

மூன்றாவது, அந்த 44.5 வீத வறுமைக் கணக்கு. அது 2019இல் எடுத்தது, நெருக்கடிக்கும் முந்தியது. சனம் கூடுகிறது என்ற எண்ணை மட்டும் பார்த்தால் பெரிய கடை போடத் தோன்றும். வறுமைக் கணக்கை மட்டும் பார்த்தால் அந்தப் பக்கமே போகத் தோன்றாது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது: அங்கே வீடுகள் இருக்கின்றன, தேவைகள் இருக்கின்றன, ஆனால் கையில் ஒரே தடவையில் பெரிய தொகை இல்லை.

கடைசியாக, எந்த இணையத்தளத்திலும் இல்லாத கணக்கை எடுத்தோம். முள்ளியவளையில் தெரிந்த ஒருவரின் கடை வாசலில் மகன் மூன்று நாட்கள் உட்கார்ந்தார். ஒரு சாதாரண நாள், ஒரு சம்பள வாரத்து நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வந்தவர்கள் எதைக் கேட்டார்கள், எதை வாங்கினார்கள், எதைக் கேட்டு இல்லையென்று திரும்பினார்கள் என்று கொப்பியில் எழுதினார். மூன்று நாளிலும் அதிகம் எழுதப்பட்டவை புதிய பொருட்களல்ல. ஃபேன் கொயில், பிளெண்டர் ஜக், கேஸ் குக்கர் பேர்ணர், இஸ்திரிப் பெட்டி வயர். அதாவது உதிரிப்பாகமும் திருத்த வேலையும். ஒரு வயதான அம்மா பழைய ஃபேன் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டு வந்து, திருத்த ஆளில்லாமல் திரும்பத் தூக்கிக் கொண்டு போனாராம். அந்த அம்மாவை எந்த ஆய்வறிக்கை எண்ணும்?

நாம் எடுத்த முடிவு இதுதான். பெரிய கடை வேண்டாம். அரைக் கடை ஒன்றை வாடகைக்கு எடுத்து, திருத்த வேலைக்கு ஒரு மேசையும் ஒரு தம்பியும் வைத்து, உதிரிப்பாகங்களோடு ஸ்டேண்ட் ஃபேன், இஸ்திரிப் பெட்டி போன்ற சிறிய பொருட்களையும் வைப்பது. வொஷிங் மெஷின் வேண்டுமென்றால் படம் பார்த்துப் பதிவு செய்யட்டும், வவுனியாவிலிருந்து அனுப்புவோம். போட்டது கூலருக்குப் போட்டதிலும் குறைந்த முதல். கடன் இல்லை.

இது வெற்றி என்று இன்னும் நான் சொல்ல மாட்டேன். ஆறு மாதக் கணக்கு முடியட்டும், இலாபமோ நட்டமோ இதே பக்கத்தில் எழுதுகிறேன். ஆனால் நட்டம் வந்தாலும் இம்முறை ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். எந்த எண்ணை எங்கிருந்து எடுத்தேன் என்று கொப்பியில் திகதியோடு எழுதி வைத்திருக்கிறேன். 2017இல் என்னிடம் அந்தக் கொப்பி இருக்கவில்லை.

சகோதரர்களே, நீங்களும் இந்த வாரமே ஒரு கொப்பி வாங்குங்கள். உங்கள் வியாபாரத்துக்குத் தேவையான மூன்று எண்களை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யார், எப்போது, எங்கே, எப்படி, ஏன் என்று ஐந்து கட்டங்கள் போடுங்கள். கட்டம் நிரம்பாத எண்ணை நம்பி ஒரு பெட்டிச் சரக்கும் எடுக்காதீர்கள். கடைக்கு வந்து இல்லையென்று திரும்பிப் போனவர்களையும் அதே கொப்பியில் எழுதி வையுங்கள். அந்த எண்ணை எண்ணியவர் யார் என்று நீங்கள் எவரிடமும் கேட்க வேண்டியதில்லை.